ஒருவர் கட்டிய தளம் நிலைப்பது எவ்வாறு?
தனித்து இயங்கும் இணைய உருவாக்குநர்களுக்குச் சில நடைமுறைக் கருத்துகள்



இவ்வுரை வரிசையில் இலக்கியம், இலக்கணம், மொழி கற்பித்தல் ஆகியவை பலமுறை பேசப்பட்டுள்ளன. தமிழுக்காக இணையத்தில் ஒன்றைக் கட்டுபவர் அதைக் கொண்டு எவ்வாறு பொருளீட்டுவது, ஈட்டிய பொருளால் அதை எவ்வாறு நிலைக்கச் செய்வது என்பதை இன்று எடுத்துக்கொள்கிறோம். மொழி மன்றத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணலாம். பொருத்தமானது மட்டுமன்று, காலம் தாழ்ந்தும் விட்டது என்பதே நம் கருத்து.

தமிழ் இணையத்தின் தொடக்க வரலாற்றில் இவ்வட்டாரத்திற்குப் பெரும் பங்குண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னின்றார். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கு நடைபெற அவரே காரணரானார். உத்தமம் எனப்படும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. பெரிய நிறுவனங்கள் தமிழைத் திரும்பிப் பாராத காலத்தில், ஒருவரோ இருவரோ தம் மாலை நேரங்களைக் கொடுத்துச் செய்த பணிகளே இன்றைய வசதிகளுக்கு அடித்தளம் ஆயின.

அத்தகைய தனிமனிதப் பணிகளில் எத்தனை இன்று உயிரோடுள்ளன என்பதே நம்மை உறுத்தும் வினா. ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தள வசதி 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அங்குத் தமிழில் எழுதப்பட்டிருந்த பக்கங்களும் அதனுடன் மறைந்தன. ஃபிளாஷ் நுட்பத்திற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிவுற்றபோது, அந்நுட்பத்தில் அமைந்திருந்த சிறுவர் கற்றல் விளையாட்டுகள் திறக்க முடியாதவை ஆயின. அவற்றைப் புதிய நுட்பத்திற்கு மாற்றியிருக்கலாம். அதற்கான நேரமோ பொருளோ பல தளங்களில் எவரிடமும் இல்லை. தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் போனதால் மறைந்தவை வேறு. தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் எதிர்ப்பால் அழிவதில்லை. கட்டியவர் களைத்துப் போவதால் அழிகின்றன. ஆகவே வருவாய் என்பது ஆசையின் பாற்பட்டதன்று, பராமரிப்பின் பாற்பட்டது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டே பின்வருவனவற்றைச் சொல்கிறோம்.

எதைக் கட்டுவது?

முதலில் சந்தையின் அளவை அறிந்துகொள்வோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் இல்லத்தில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. இவ்வெண்ணைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் இதை மறந்து திட்டமிடவும் கூடாது. இலட்சக்கணக்கானோர் வந்தால்தான் பிழைக்கும் என்னும் அமைப்பு இங்கு எடுபடாது. சில நூறு பேருக்கு இன்றியமையாததாக இருக்கும் ஒன்று எடுபடும்.

அகல உழுவதிலும் ஆழ உழு என்பார்கள். 'தமிழர் அனைவருக்குமான தளம்' என்று தொடங்குபவை யாருக்கும் உரியவை ஆகாமல் போவதைக் காண்கிறோம். அதற்கு மாறாகத் தொடக்கநிலை மாணவர்க்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் துணைப்பாட ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் அவர் சொற்களைத் தட்டச்சு செய்கிறார், படங்களைத் தேடுகிறார், விடைத்தாளைத் தனியே அமைக்கிறார். இவ்வேலையை மூன்று மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகக் குறைக்கும் கருவி ஒன்று இருந்தால், அதற்குக் கட்டணம் செலுத்த அவருக்குத் தயக்கம் இராது. ஆலயத்தின் அர்ச்சனைப் பதிவு, சமூக அமைப்பின் உறுப்பினர் சந்தா, இருமொழி அழைப்பிதழ் அச்சிடும் கடை ஆகிய ஒவ்வொன்றிலும் இத்தகைய தேவைகள் உண்டு.

நிரல் எழுதத் தொடங்குமுன், அத்தேவை உடையவர்கள் பத்துப் பேரைச் சந்தித்துப் பேசுங்கள். "இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் அனைவரும் ஆம் என்பார்கள், நம் மக்கள் பண்பு அது. "இப்போது இதை எப்படிச் செய்கிறீர்கள்? சென்ற மாதம் இதற்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். அவ்விடையே உண்மையானது. இதுவரை ஒரு காசோ ஒரு மணி நேரமோ எவரும் செலவிடாத சிக்கலுக்கு, நாளை பணம் தருவார்கள் என எதிர்பார்ப்பதற்கில்லை.

தமிழுக்கே உரிய நுட்பங்கள்

பெரிய நிறுவனங்களோடு தனியொருவர் போட்டியிட இயலுமா? விரிவில் இயலாது, நுணுக்கத்தில் இயலும். தமிழின் இயல்பை அறிந்து கட்டுவதே நம் உருவாக்குநர்க்கு உள்ள தனி வலிமை. நான்கு இடங்களை மட்டும் சுட்டுகிறோம்.

ஒன்று, எழுத்துகளை எண்ணுதல். 'தமிழ்' என்னும் சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிபவை மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகள். பெயர்ப் படிவத்தில் '20 எழுத்துகள் வரை' என வரையறுக்கும் நிரல் எதை எண்ணுகிறது என்று பாராவிட்டால், நீண்ட தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுபடும். குறுஞ்செய்தியிலும் இச்சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறியீடுகளே கொள்ளும். நீண்ட செய்தியாயின் ஒரு பகுதிக்கு 67தான். 150 குறியீடுகள் கொண்ட தமிழ் அறிவிப்பு மூன்று செய்திகளாகக் கணக்கிடப்படும். கட்டணத்தை முடிவு செய்யுமுன் இதை அறிந்திராதவர், வாடிக்கையாளர் பெருகப் பெருக நட்டமடைவார்.

இரண்டு, ஒரே தோற்றம், வேறு குறியீடு. 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று மற்றொன்றைக் கண்டறியாது. உள்ளிடும் இடத்திலேயே எல்லாவற்றையும் ஒரே வடிவத்திற்கு இயல்பாக்கி வைப்பது ஒருவரி வேலை; பின்னாளில் தரவுத்தளம் முழுவதையும் திருத்துவதோ பல வாரப் பணி.

மூன்று, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் நிற்கின்றன. குறியீட்டு எண்களின்படி மட்டும் வரிசைப்படுத்தினால் 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வரும். நம் மரபில் னகரம் மெய்களுள் இறுதியானது. ஆகவே 'மரம்'தான் முதலில் வர வேண்டும். உலாவிகளிலேயே உள்ள மொழிசார் வரிசைப்படுத்தும் வசதியைத் தமிழுக்கெனக் குறிப்பிட்டுப் பயன்படுத்தினால் இது தீரும். இவ்வளவு எளிய திருத்தம் இல்லாத சொற்பட்டியலைத் தமிழாசிரியர் ஒருவர் கண்டால், அத்தளத்தை மீண்டும் நம்பமாட்டார்.

நான்கு, தேடல். 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தில்', 'மரங்கள்' என்பவையும் கிடைக்க வேண்டும். முழுமையான உருபனியல் ஆய்வுக் கருவியைக் கட்ட வேண்டுமென்பதில்லை. மகர ஈறு அத்துச்சாரியை பெறுவது போன்ற சில விதிகளையும், வேற்றுமை உருபுகளின் பட்டியலையும் கொண்டே தேடலை வெகுவாக மேம்படுத்தலாம். பள்ளியில் படித்த இலக்கணம் இங்கு நேரே நிரலாகிறது.

எழுத்துருக்களுக்குப் பொருள் செலவிட வேண்டியதில்லை. நோட்டோ முதலிய தரமான தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் எல்லா எழுத்துருவும் அத்தகையது என எண்ணிவிடாமல், உரிமத்தைப் படித்த பின்னரே பயன்படுத்துக.

வருவாய் வழிகள்

விளம்பரம், சந்தா, ஒருமுறை விற்பனை, நன்கொடை, புரவலர் ஆதரவு, பிறர்க்குச் செய்து தரும் பணி என வழிகள் பல. இவற்றுள் விளம்பரத்தையே பலரும் முதலில் எண்ணுகின்றனர். கூகள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தமிழ்த் தளங்களுக்கு 2018இல் திறந்தது. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் பக்கப் பார்வைகளுக்கு 2 வெள்ளி கிடைப்பதாகவும், மாதம் 15,000 பார்வைகள் வருவதாகவும் வைத்துக்கொண்டால், மாத வருவாய் 30 வெள்ளி. ஆண்டுக்கு 360 வெள்ளி. சிறு தளம் ஒன்றின் வழங்கிச் செலவுக்கு ஆகலாம், உழைப்புக்கு ஆகாது. பக்கத்தின் விரைவும் படிப்போரின் பொறுமையும் வேறு குறையும்.

நாம் முன்னர்க் கூறிய பயிற்சித்தாள் கருவியை 60 துணைப்பாட ஆசிரியர்கள் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டிப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஆண்டு வருவாய் 3,600 வெள்ளி. பதினைந்தாயிரம் பார்வைகளைவிட அறுபது மனிதர்கள் பத்து மடங்கு தருகிறார்கள். சிறிய மொழிச் சமூகத்தில் இயங்குவோர் இவ்விரு எண்களையும் எப்போதும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

சந்தாவை மாதந்தோறும் பெறுவதா, ஆண்டுக்கொருமுறை பெறுவதா? கடன் அட்டைவழிப் பணம் பெறும்போது ஒரு விழுக்காடும் ஒரு நிலையான தொகையும் பிடிக்கப்படும். 3.4 விழுக்காடும் 50 காசும் என்பது இங்கு நெடுநாள் வழங்கிய ஓர் அளவு. 5 வெள்ளி மாதச் சந்தாவில் அது 67 காசு. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. 60 வெள்ளி ஆண்டுச் சந்தாவில் 2 வெள்ளி 54 காசு. ஏறத்தாழ 4 விழுக்காடு. அறுபது பேர்க்கும் சேர்த்து ஆண்டில் 330 வெள்ளி வேறுபாடு. விளம்பரத்தில் கிடைக்கும் எனக் கணக்கிட்ட தொகைக்கு இது ஏறக்குறைய ஈடு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கே சாலப் பொருந்தும். பேநவ் வழிப் பணம் பெறும் வசதியையும் சேர்த்துக்கொண்டால் கட்டணம் இன்னும் குறையும்.

இலவசமாக எதைத் தருவது என்பதும் சிந்தனைக்குரியது. மாணவர் படிக்கும் பகுதியை யாவர்க்கும் திறந்து வைத்து, ஆசிரியரின் உழைப்பைக் குறைக்கும் பகுதிக்குக் கட்டணம் பெறுவது நேர்மையான பிரிவினை. மொழி அனைவர்க்கும் உரியது. நம் உழைப்பால் மிச்சமாகும் நேரத்திற்கு விலை கேட்பதில் குற்றமில்லை. நன்கொடை கேட்பதாயின் 'ஆதரவு தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், 'இவ்வாண்டு வழங்கிக்கும் தளப்பெயருக்கும் இவ்வளவு ஆகிறது. இவ்வளவு கிடைத்துள்ளது' என்று கணக்கை வெளிப்படையாக வைத்தால் நம்பிக்கை பிறக்கும்.

பிறர்க்குச் செய்து தரும் பணி

சொந்தத் தளம் வருவாய் தரும் வரை, பலரும் நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் தளம் அமைத்துத் தருவர். இதில் விலை நிர்ணயமே முதல் இடறல். மாதம் 4,000 வெள்ளி தேவைப்படும் ஒருவர், மாதத்தின் 160 வேலை மணி நேரத்தால் அதை வகுத்து, மணிக்கு 25 வெள்ளி என்று சொல்லிவிடுகிறார். ஆனால் வாடிக்கையாளரைச் சந்திப்பது, மதிப்பீடு எழுதுவது, கணக்குப் பார்ப்பது, கற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கு எவரும் பணம் தருவதில்லை. கட்டணம் பெறத்தக்க நேரம் பாதியே என்றால், மணிக்கு 50 வெள்ளி பெற்றால்தான் அதே வருவாய். நோய்க்காலமும் விடுமுறையும் இதில் இன்னும் சேரவில்லை.

நம் சமூகத்தில் 'தமிழுக்காகத்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் தம்பி' என்னும் வேண்டுகோள் அடிக்கடி எழும். அன்போடு கேட்பவரை மறுப்பது எளிதன்று. விலையைக் குறைப்பதைவிடப் பணியின் அளவைக் குறைப்பது இருவர்க்கும் நல்லது என்பது நம் பரிந்துரை. பத்துப் பக்கத்திற்கு மாறாக நான்கு பக்கம். ஆனால் செம்மையான நான்கு. முழுவதும் இலவசமாகச் செய்ய விரும்பினால் அதையும் செய்யலாம்; அப்போதும் உண்மை விலையைக் குறிப்பிட்டு, அதைக் கழித்துக் காட்டும் விலைச்சிட்டை ஒன்றைக் கொடுங்கள். கொடையின் அளவு பெறுபவர்க்கும் தெரிதல் வேண்டும்.

உடன்படிக்கை எத்துணைச் சிறியதாயினும் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன செய்யப்படும், எத்தனை முறை திருத்தம், எப்போது பணம், நிரலின் உரிமை யாருக்கு, தளப்பெயர் யார் பெயரில் என்னும் ஐந்தும் இருந்தால் ஒரு பக்கமே போதும். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் நிரல் முதலாளிக்குரியது. ஆனால் தனித்து இயங்குபவர் எழுதும் நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில் எழுதியவரிடமே இருக்கும். பணம் கொடுத்தவர் அதைத் தமதென்றே எண்ணியிருப்பார். பூசல் இங்கேதான் தொடங்குகிறது. கட்டணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணை வந்தபின் பணியைத் தொடங்குக. பணம் வராமல் போனால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இன்றியே தொடுக்கலாம். இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரை. அங்கும் எழுத்துச் சான்றே துணை நிற்கும்.

சட்டமும் கணக்கும்

அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே தொழில் செய்யும் தனிமனிதர், அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் வணிகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் பதிவு கட்டாயம். பொருள் சேவை வரிக்குக் கட்டாயப் பதிவு, ஆண்டு விற்பனை பத்து இலட்சம் வெள்ளியைத் தாண்டும்போதே. ஆனால் வருமான வரிக்கும் மெடிசேவுக்கும் அவ்வளவு இடைவெளி இல்லை: சுயதொழிலின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைக் கடந்தால் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஐந்தாண்டுகள் காக்க வேண்டும். இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றை முதல் நாளே திறந்துவிடுவது பின்னைய தலைவலிகள் பலவற்றைத் தவிர்க்கும்.

வேறோர் இடத்தில் பணிபுரிந்துகொண்டே இதைச் செய்வோர், தம் வேலை ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும். வேலை அனுமதியின்பேரில் இங்கு வந்து பணியாற்றும் நண்பர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்; அனுமதியில் குறிக்கப்பட்ட முதலாளிக்கு மட்டுமே அவர்கள் பணிசெய்யலாம். ஆர்வத்தால் தொடங்கிய சிறு வருவாய் வாழ்வாதாரத்திற்கே ஊறு செய்துவிடக் கூடாது.

பயனரின் பெயரையும் மின்னஞ்சலையும் பெறும் நொடியிலேயே 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம்மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லி இசைவு பெற வேண்டும். பொறுப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். தனியாளாயின் அவர் நீங்களே. 2019 செப்டம்பர் முதல், சட்டத் தேவையோ அடையாளத்தை உறுதியாக நிறுவும் தேவையோ இன்றி அடையாள அட்டை எண்ணைக் கேட்பது கூடாது. தேவையற்ற தகவலைப் பெறாமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. நம்மிடம் இல்லாத ஒன்றை எவரும் திருட இயலாது.

பிறர் எழுத்தைத் தளத்தில் ஏற்றுவோர்க்கும் ஒரு சொல். சிங்கப்பூரில் இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 'பழைய கதைதானே' என்று எண்ணி ஏற்றுவது முறையன்று.

நிலைப்புக்கான ஏற்பாடு

இறுதியாக, நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். தளப்பெயர் உங்கள் பெயரில் இருக்கட்டும். பலவாண்டுக்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்துங்கள். சமூக ஊடகப் பக்கத்தை மட்டுமே நம்பிக் கட்டுவது பிறர் நிலத்தில் வீடு கட்டுவதாகும். உள்ளடக்கத்தை எளிய எழுத்துக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் வசதியை முதல் பதிப்பிலேயே வையுங்கள். காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு இருமுறை அதிலிருந்து தளத்தை மீட்டெடுத்துப் பாருங்கள்.

தேசிய நூலக வாரியச் சட்டத்தின் திருத்தம் 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபின், எஸ்ஜி என முடியும் தளங்களை நூலகம் தனித்தனியே இசைவு பெறாமலே திரட்டிக் காத்து வருகிறது. 'சிங்கப்பூர்' எனத் தமிழிலேயே முடியும் தளப்பெயரும் நம் நாட்டுக்கு உண்டு. வேறு பெயர்களில் தளம் நடத்துவோர் எஸ்ஜி பெயரொன்றையும் பெற்று அதிலேயே தளத்தை இயக்கலாம். நம் காலத்திற்குப் பின்னும் பக்கங்கள் எஞ்ச இது ஒரு வழி.

நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், தளத்தின் கணக்குகள் எங்குள்ளன, எந்நாளில் எதற்குக் கட்டணம், நிரல் எங்கே உள்ளது என்பவற்றை எழுதி ஒரு தாள் கொடுத்து வையுங்கள். உடல்நலம் குன்றினாலும், ஊர் மாறினாலும், ஆர்வமே வேறு திசையில் சென்றாலும், அத்தாளைக் கொண்டு மற்றொருவர் தொடர இயலும். நிறுத்த வேண்டிய நாள் வந்தாலும் மூன்று மாதம் முன்னறிவித்து, பயனர் தம் தரவைப் பெற்றுச்செல்ல வழிசெய்து, பெற்ற சந்தாவில் எஞ்சியதைத் திருப்பித் தந்து நிறுத்துவதே நாகரிகம்.

இங்கு அமர்ந்துள்ள ஆசிரியர்களிடமும் அமைப்பினரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வகுப்பிலோ சங்கத்திலோ நாள்தோறும் பயன்படும் தமிழ்க் கருவி ஏதேனும் இருப்பின், அதைக் கட்டியவர் யார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சந்தா இருந்தால் கட்டுங்கள். இல்லையெனில் எழுதிக் கேளுங்கள். பாராட்டு மடல் ஊக்கம் தரும். ஆண்டுச் சந்தா அடுத்த ஆண்டும் அக்கருவி திறக்கும் என்னும் உறுதியைத் தரும். அறுபது பேர் முன்வந்தால் ஒரு தளம் நிற்கும். இம்மண்டபத்தில் அதற்கு மேற்பட்டோர் இருக்கிறீர்கள்.